வேரிலிருந்து முதல் சென்டிமீட்டர்

ஜூலை 3, புதன்

நெடுங்கழி டவுனில் மாடி வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, துணி உலர்த்தக் கொஞ்சம் இடம். குழாயில் தண்ணீர் காலை ஆறரைக்கு வரும், ஏழுக்கு நிற்கும் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். இரண்டு குடம் வாங்க வேண்டும்.

பல்கலைக்கழகம் என்னை எட்டு மாதத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறது. பதவியின் பெயர் சுயேச்சைக் கண்காணிப்பாளர். மூடிப்போன காஸ்டிக் சோடா ஆலை விட்டுச்சென்ற பாதரசம் கழியின் அடிச்சேற்றில் எட்டு ஏக்கர் பரப்பில் படிந்திருக்கிறது. தோண்டி எடுத்தால் கலங்கிக் கடல்வரை போகும். அதனால் அதன்மேல் சுத்தமான மணலை நாற்பது சென்டிமீட்டர் கனத்துக்குப் போர்த்தி மூடப்போகிறார்கள். போர்த்தியது சரியாக இருக்கிறதா என்று நான் அளந்து கையெழுத்திட வேண்டும்.

திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் 'நிரந்தரத் தீர்வு' என்று போட்டிருக்கிறார்கள். மண்ணைப் படித்தவர்கள் யாரும் அந்தச் சொல்லை எழுத மாட்டார்கள். பென்சிலால் அடிக்கோடிட்டேன்.

ஜூலை 9

கிழக்குக் கரையில் ஓடைமேடு. நாற்பது குடும்பங்கள். ஆண்கள் பாதிப்பேர் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். பெண்கள் கழியில் இறால் தடவுகிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி, ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மண்டி போட்டுச் சேற்றைக் கையால் துழாவிப் போகிறார்கள். இறால் விரலில் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போட்டுவிடுகிறார்கள். கழுத்துவரை தண்ணீர். மூன்று மணி நேரம்.

வேலை தொடங்குமுன் இவர்கள் உடம்பில் பாதரசம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்குத் தலைமுடி போதும். பத்துப் பெண்களிடம் கேட்டேன். இந்தக் குழுவுக்குத் தலைவி போல இருக்கும் கன்னியம்மாவுக்கு என் வயதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்.

"இன்னா மேடம், முடி வாங்க வந்துகிறீங்களா? சைக்கிள்ல வர்றவன் எவர்சில்வர் கிண்ணம் குடுப்பான். நீங்க இன்னா குடுப்பீங்க?"

"ரிப்போர்ட் குடுப்பேன்."

"அதுல சோறு போட்டுத் துன்ன முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், சாப்பிட்டது அதில் தங்கும், வேருக்குப் பக்கத்தில் இருப்பது போன மாதம், தள்ளிப்போகப்போக முந்தைய மாதங்கள் என்று சொன்னேன். வெட்டிய பிறகு எந்த முனை வேர் என்று தெரியாமல் போகும். அதனால் வெட்டுமுன் வேரோரமாக ஒரு சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். கையுறையோடு என்னால் முடிச்சுப் போட முடியவில்லை. கன்னியம்மா நூலை வாங்கிக்கொண்டார்.

"குடுங்க. எறா தடவுற கை. கண்ண மூடினே கட்டுவேன்."

பத்துப் பேருக்கும் அவர்தான் கட்டினார். கடைசியாக அவருடைய மருமகள் அமுலு. இருபத்து மூன்று வயது, நீளமான முடி. "ரெண்டு மாசம் முழுவாம கீறா, பாத்து வெட்டுங்க" என்றார், கத்தரிக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

ஒப்பிடுவதற்காக என் முடியிலும் கொஞ்சம் வெட்டினேன். பாதி நரை. அதற்கும் சிவப்பு நூல் கட்டினார்.

ஜூலை 18

முடிவுகள் வந்தன. கிராம் முடிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில், பத்துப் பேருக்கும் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில். அமுலு 2.1. ஒன்றுக்குள் இருந்தால் கவலையில்லை என்பது பொதுவான கணக்கு. நான் 0.4.

இவர்களுக்குக் கழி பழக்கமாகிவிட்டது, கழிக்கு இவர்கள். மூடிய பிறகு எண்கள் இறங்க வேண்டும். அதைத்தான் நான் காட்ட வேண்டும்.

கரைக்குப் போனபோது கன்னியம்மா ஒரு கை இறாலை இலையில் வைத்து நீட்டினார். எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றேன். வீட்டில் யாருக்காவது கொடுங்கள் என்று பையில் திணித்துவிட்டார். படகு ஓட்டும் ஏசுபாதத்திடம் கொடுத்தேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். வீணாகக்கூடாது அல்லவா.

ஜூலை 24

முதல் மணல். மிதவையிலிருந்து சல்லடைக் குழாய் வழியாக மழைபோலத் தூவுகிறார்கள். ஒரு முறைக்குப் பத்து சென்டிமீட்டர்தான். பிறகு இரண்டு வாரம் காத்திருந்து அடுத்தது. நான்கு அடுக்கு. இந்தச் சேறு தயிரைப்போல. மெதுவாகத் தூவினால் மணலைத் தாங்கி இறுகும். ஒரேயடியாகக் கொட்டினால் தாங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். இதை முதலாண்டு மாணவிகளுக்கே படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எட்டு ஏக்கரையும் மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மேற்கு, நடு, கிழக்கு. சுற்றிலும் கலங்கல் வெளியே போகாமல் இருக்க மிதவைகளில் துணித்திரை தொங்குகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சென்னை. அக்கா வீடு. முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். மூன்று மாதமாக விலக்கு வரவில்லை என்றேன். "விட்டுது போ. இனிமே நிம்மதி" என்றாள். ஆமாம் என்றேன். மதியம் இறால் தொக்கு. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27

மணல் இறைக்கும் பம்ப் பழுதாகி மூன்று வாரம் போய்விட்டது. மேற்கிலும் நடுவிலும் இரண்டு அடுக்குதான் முடிந்திருக்கிறது, மற்ற இரண்டும் செப்டம்பருக்குள் ஆகிவிடும். கிழக்குப் பகுதி தொடவே இல்லை. ஒப்பந்தக்காரரின் பொறியாளர் ராஜ்மோகன் மாலையில் வீட்டுக்கே வந்தார். மரியாதையான பையன். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"மேடம், பழைய ஸ்பீடுல போனா கிழக்குப் பக்கம் முடிய டிசம்பர் ஆகும்."

"ஆகட்டும்."

"அக்டோபர்ல வெள்ளம் வரும். மூடாத சேறு அப்படியே கெளம்பிக் கடலுக்குப் போகும். அப்ப யாரு பதில் சொல்றது?"

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"மிதவையோட அடிக்கதவத் திறந்து நாப்பதையும் ஒரே தடவைல போட்டுடலாம். ரெண்டு நாள் வேலை. நீங்க சிபாரிசு பண்ண வேண்டாம். ஆட்சேபனை இல்லைன்னு மட்டும் எழுதினாப் போதும்."

யோசிக்கிறேன் என்றேன். டீ கொடுத்தேன். சர்க்கரை தீர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 30

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூடாமல் வெள்ளத்துக்கு விட்டால் நிச்சயமான கேடு. ஒரேயடியாகக் கொட்டினால் நிச்சயமில்லாத கேடு. கிழக்கே சேறு கொஞ்சம் கெட்டி என்று இரண்டு அளவுகள் காட்டுகின்றன. மூன்றாவது அப்படிக் காட்டவில்லை. மூன்றில் இரண்டு.

கையெழுத்துப் போட்டாயிற்று. சிலிண்டர் வந்தது. ரேஷன் அட்டை முகவரி மாற்றத்துக்கு அக்கா நினைவுபடுத்தினாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

கொட்டினார்கள். கதவு திறந்ததும் மிதவை ஒரு முழம் எழும்பியது. தண்ணீர் கொதிப்பதுபோலப் புரண்டது. கிழக்கே தொங்கிய துணித்திரை வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றது, யாரோ உள்ளேயிருந்து முதுகால் தள்ளுவதுபோல.

"காத்து" என்றேன்.

"காத்தே இல்லியே மேடம்" என்றார் ஏசுபாதம்.

செப்டம்பர் 12

கிழக்குப் பகுதியில் நான்கு இடத்தில் கண்ணாடிக் குழாய் இறக்கி எடுத்தோம். குழாய்க்குள் மணல் மேலே, கறுப்புச் சேறு கீழே. மணலின் கனம் 55, 28, 47, 33. கொட்டியது எங்கும் நாற்பது. சராசரி 41.

'ஏற்கத்தக்கது' என்று எழுதினேன். ராஜ்மோகன் இனிப்பு வாங்கி வந்தார். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கன்னியம்மா கரையிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். வாயில் பறி இல்லை, அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. பறியைக் கடித்திருக்கும்வரைதான் தங்கள் வீட்டு ஆண்களுக்கு நிம்மதி என்பது அவர்களுடைய நிரந்தர நகைச்சுவை.

"மேடம், உங்க மணல் நல்ல மணல். எங்க கரைப்பக்கம் புதுச் சேறு ஏறிக்கீது. பத்து நாளா எறா அள்ளுது. ரெண்டு பறி ரொம்புது."

"எங்கே?"

"திரைக்கு இந்தாண்ட. வந்து காலு வெச்சிப் பாருங்க."

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முன்பு அந்த இடத்தில் கால் கணுக்கால்வரை போகும். இன்று முழங்கால்வரை போனது. மென்மையாக, வெதுவெதுப்பாக இருந்தது. மேலே வந்தபோது காலில் எண்ணெய்ப் பளபளப்போடு கறுப்பு.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் அமுலு. ஐந்தாம் மாதம். கழுத்துவரை தண்ணீரில் மண்டியிட்டிருந்தாள்.

பாட்டிலில் கொஞ்சம் சேறு எடுத்துக்கொண்டேன். சும்மா, ஓர் ஆர்வத்துக்கு. எல்லைக்கு வெளியே மாதிரி எடுக்கத் திட்டத்தில் இடமில்லை, அதனால் சீட்டு ஒட்டவில்லை. கழிகளில் சேறு இடம் மாறுவது புதிதல்ல. தென்மேற்குக் காற்று ஓயும் காலத்தில் கரையோரம் படியும்.

இறால் கொடுத்தார்கள். ஏசுபாதத்திடம் கொடுத்தேன்.

அக்டோபர் 3

பாட்டில் குளிர்பெட்டியில் இருக்கிறது, தோசை மாவுக்குப் பின்னால். அடுத்த தொகுப்போடு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

அக்டோபர் 17

நான்கு நாளாக மழை. கழி நிரம்பி ஓடுகிறது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்து பாய் நனைந்துவிட்டது. ராஜ்மோகன் போன் செய்தார். "பாத்தீங்களா மேடம், மழைக்கு முன்னாடி மூடினது எவ்வளவு நல்லதாப் போச்சு." ஆமாம் என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 29

தொகுப்பு அனுப்பினேன். பாட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். அதற்கு எண் இல்லாததால் படிவத்தில் எப்படிக் குறிப்பது என்று தெரியவில்லை. திரும்ப உள்ளே வைத்தேன்.

நவம்பர் 8

அதிகாரிகள் வந்து பார்வையிட்டார்கள். மணல் எங்கும் பெயரவில்லை. குழாய் மாதிரிகளை வெயிலில் பிடித்துக் காட்டினேன். மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் கோடு. கைதட்டினார்கள். இந்தத் திட்டத்தை வேறு இரண்டு ஆறுகளுக்கும் கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னிடம், "உங்க சராசரி ரொம்ப அழகா வந்திருக்கு" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

அமுலுவுக்கு வளைகாப்பு. கூப்பிட்டிருந்தார்கள். டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போனேன். ஏழு மாத வயிறு. இரண்டு கன்னத்திலும் சந்தனம். நாற்காலியில் கூச்சமாக உட்கார்ந்திருந்தாள். நானும் வளையல் போட்டுவிட்டேன். கை முழுக்கச் சேற்றில் சிராய்த்த தழும்புகள்.

பந்தியில் புளிச்சோறு, தயிர்ச்சோறு, பெரிய குண்டானில் இறால். "புள்ளத்தாச்சி ரெண்டு மாசமா இத்தத்தான் கேக்கறா. காலைல எறா, ராவுல எறா" என்றார் கன்னியம்மா. ஒரு பெண் என் இலையில் கரண்டியைக் கவிழ்க்கப் போனாள். கன்னியம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஏய், வெக்காதடி. எங்க மேடத்துக்கு ஒத்துக்காது."

புளிச்சோறு மட்டும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நவம்பர் 18

பாட்டிலை அனுப்பினேன். தனிப் பார்சலாக, என் பெயரில்.

டிசம்பர் 2

சேற்றில் பாதரசம் கிலோவுக்கு 36 மில்லிகிராம். ஆலைக்கு நேர் எதிரே, மணலுக்கு அடியில் இருப்பதும் இதே அளவுதான். காற்றில் கரையேறிய சேறு அல்ல. நாங்கள் மூடியதுதான் பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. திரைக்குக் கீழே புகுந்து, அவர்கள் கைவைக்கும் இடத்துக்கு.

55, 28, 47, 33. 55 வந்த இடத்தில் சேறு விலகி மணல் இறங்கியிருக்கிறது. குழாயை எடுத்த அன்றே அது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்கலாம்.

டிசம்பர் 4

வழக்கமான பரிசோதனை என்று சொல்லி அமுலுவிடம் முடி வாங்கினேன். கன்னியம்மா நூல் கட்டினார். என் முடியும். அவரே கேட்டு அதற்கும் கட்டினார். "இந்தத் தடவையாவது கிண்ணம் உண்டா?"

அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றேன்.

டிசம்பர் 11

அமுலுவின் முடியை வேரிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டி அளந்தோம். வேரிலிருந்து ஆறாவது 2.1. ஐந்தாவது 2.0. நான்காவது 2.2, அது செப்டம்பர் தொடக்கம்வரை. மூன்றாவது 3.9. இரண்டாவது 6.8. முதல் சென்டிமீட்டர் 9.4.

ஆய்வகத்துப் பெண் தாளை என் பக்கமாகத் திருப்பி, "எந்தத் தேதியில ஏறுதுன்னு ரொம்பத் தெளிவா இருக்கு மேடம்" என்றாள். பாராட்டும் குரலில்.

என்னுடையது ஆறு சென்டிமீட்டரும் 0.4, 0.4, 0.3, 0.4, 0.4, 0.4.

பெரியவர்களுக்கு 9.4 வெளியே தெரியாது. கருவுக்கு அப்படி இல்லை. மூளை உருவாகும் மாதங்கள் இவை. என்ன ஆகும், எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறந்த பிறகும் உடனே தெரியாது. நடக்கும்போது, பேசும்போது, பள்ளிக்கூடத்தில்.

டிசம்பர் 12, வியாழன்

போனேன். அறிக்கை மேலே போய், ஆணையாகித் திரும்ப இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை தினம் இரண்டு வேளை.

பஸ் ஸ்டாண்டில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வாங்கினேன். படகிலேயே அதைப் பையின் அடியில் தள்ளிவிட்டேன்.

கரையில் படகைப் பிடித்துக்கொண்டு ஏசுபாதம் நின்றார். கன்னியம்மா பறியைக் கழுவிக்கொண்டிருந்தார். அமுலு மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். புதுச் சேறு நல்ல சேறு இல்லை, ஆலையின் சேறு. அந்த இறாலை இனி யாரும் சாப்பிடக்கூடாது, அமுலு கட்டாயம் கூடாது. தண்ணீரிலும் இறங்க வேண்டாம். அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்திருக்கிறேன்.

கன்னியம்மா பறியைக் கீழே வைத்தார்.

"எப்பிடி இந்தாண்ட வந்துது?"

"மணலை ஒரேயடியாக் கொட்டினதால."

"யாரு கொட்டச் சொன்னது?"

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன வாரம் ரிப்போர்ட் வந்தது."

அமுலு இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தாள். வளையல்கள் சத்தம் போடவில்லை.

"இவளுது எவ்ளோ?"

"ஒம்பது சொச்சம். முன்ன ரெண்டு இருந்தது."

"உங்க முடியும் வெட்டினீங்க இல்ல. நான்தான நூலு கட்னேன்."

"ஆமா."

"அது எவ்ளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு என்றோ மூன்று என்றோ.

"ஒண்ணுமில்ல. அரைக்கும் கம்மி. மொதல்ல இருந்த மாதிரியே."

"அது எப்பிடி மாறும்" என்றார் கன்னியம்மா. "நீங்கதான் ஒரு நாள்கூடத் துன்னலியே."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு நேராகிவிட்டதுபோலச் சொன்னார். பிறகு அமுலுவின் தோளைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனார். பறி அங்கேயே கிடந்தது.

திரும்பும்போது கழியின் நடுவில் ஏசுபாதம் எஞ்சினை நிறுத்தினார்.

"மேடம். எனக்குக் குடுத்தீங்களே. ஜூலைலேர்ந்து."

"ஆமா ஏசுபாதம்."

"எம் புள்ளைங்க துன்னுச்சிங்க."

"ஜூலைல அது பரவாயில்லாம இருந்தது."

"செப்டம்பர்ல?"

ஏசுபாதம் எஞ்சினை இழுத்துக் கிளப்பினார்.

டிசம்பர் 13

அறிக்கைப் படிவம். எட்டாவது கேள்வி: 'கசிவு முதன்முதலில் கவனிக்கப்பட்ட தேதி.' டிசம்பர் 2 என்று எழுதினேன். சோறு வடித்தேன். துணி துவைத்தேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவினேன்.

அந்தத் தேதியை அடித்துவிட்டு செப்டம்பர் 19 என்று எழுதினேன். பக்கத்தில் சிறு கையெழுத்து. ஒன்பதாவது கேள்வி, தாமதத்துக்குக் காரணம். அதைக் காலியாக விட முடியாதாம். 'கண்காணிப்பாளர் தெரிந்தே ஒத்திப்போட்டார்' என்று எழுதினேன். ஐந்து மணித் தபாலில் சேர்த்தேன்.

டிசம்பர் 15

ஏசுபாதம் மூன்று பிள்ளைகளோடு படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "வெட்டுங்க" என்றார். வெட்டினேன். முடிச்சு மூன்று தடவை நழுவியது. கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது. பயந்து கண்ணை மூடிக்கொண்டது. டப்பாவில் பிஸ்கட் இருந்தது. கொடுக்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 23

பிள்ளைகளுக்கு 3.1, 3.6, 4.4. கடைசிப் பெண்ணுக்குத்தான் 4.4. போனில் சொன்னேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

டிசம்பர் 27

ஆணை வந்துவிட்டது. கழியில் இறங்கத் தடை. இறால் பிடிக்க, விற்க, சாப்பிடத் தடை. கரையில் இரும்புப் பலகை நட்டிருக்கிறார்கள். சிவப்பு எழுத்து. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள்.

காலை வற்றுநேரத்தில் பெண்கள் வழக்கம்போல வந்து, கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்களாம். மாற்று வேலை பற்றி ஆணையில் ஒரு வரி இருக்கிறது. 'பரிசீலிக்கப்படும்.'

ராஜ்மோகன் போன் செய்தார். "எங்க ஃபைல்ல உங்க 'ஆட்சேபனை இல்லை' கடிதம் இருக்கு மேடம். அத வெக்கத்தான் வேணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"வையுங்க" என்றேன். "அது சரியான காகிதம்தான்."

ஜனவரி 6

மருத்துவமனையில் அமுலுவைப் பார்த்த டாக்டர், இனிமேல் சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து என்றாராம். இதை எனக்குச் சொன்னது ஆம்புலன்ஸ் ஓட்டுநர். கன்னியம்மா என்னோடு பேசுவதில்லை.

ஜனவரி 21

என்னை விடுவித்துக் கடிதம் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வகுப்பு எடுக்க வேண்டாம் என்று பல்கலைக்கழகம். வீட்டுக்காரம்மா இரண்டு குடத்தையும் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். குளிர்பெட்டியைத் துடைத்தேன். எவர்சில்வர் கிண்ணம் பையின் அடியில் அப்படியே இருந்தது. அதில் ஊறுகாயைப் போட்டு எடுத்துப்போகலாம் என்று நினைத்து, பிறகு செய்யவில்லை. ஒன்றும் போடாமல் துணிகளுக்கு நடுவில் வைத்தேன்.

கிழக்குப் பகுதியின் சேற்றை என்ன செய்வது என்று புதுக் குழு ஆராய்கிறதாம். மறுபடி மணல் போர்த்தலாம் என்பது முதல் யோசனை. இந்த முறை மெதுவாக.

பிப்ரவரி 5

சென்னை. அக்கா இறால் வாங்கியிருந்தாள். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். "என்னடி, புதுசா?" என்றாள்.

பிப்ரவரி 20

துறைக்குப் போய் என் அறையில் இருந்த புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேஜையில் ஒரு கூரியர் உறை. அனுப்பியவர் ஏசுபாதம். உள்ளே மடித்த நோட்டுத்தாள், அவருடைய கையெழுத்தில் நான்கு வரி:

'மேடம், அமுலுக்குப் பொண்ணு. பதிமூணாம் தேதி. ரெண்டு கிலோ அறுநூறு. நல்லா அழுவுது. இத்தப் பாத்து எவ்ளோன்னு சொல்லச் சொன்னாங்க கன்னியம்மா.'

தாளுக்குள் இன்னொரு சிறு பொட்டலம். பிறந்த குழந்தையின் முடி, பூனைமயிர்போல மெல்லிய கறுப்பு. அளவுகோலை வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

நூல் கட்டும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ஒரு முனையில் சிவப்பு நூல் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வேர்ப் பக்கம்தான்.